நான்கு கணினிகளைச் சேர்த்து ரெண்டர் செய்ய வீட்டில் எப்படிப்பட்ட நெட்வொர்க் வேண்டும்?

நீங்கள் கேட்டது இது: பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் பத்து விநாடி அனிமேஷன் ஒன்றை ரெண்டர் செய்ய, அதாவது காட்சியைக் கணக்கிட்டுப் படங்களாக்க, உங்கள் புதிய கணினிக்கு ஏறக்குறைய இரண்டு நாள் பிடிக்கிறது. வீட்டில் மூன்று பழைய கணினிகள் சும்மா கிடக்கின்றன. நான்கையும் சேர்த்து வேலை வாங்க எந்த சுவிட்ச் (கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டி), எந்தக் கேபிள் வாங்குவது, 10 கிகாபிட் தேவையா, கோப்புகளுக்கென்று தனியாக ஒரு நாஸ் பெட்டி, அதாவது நெட்வொர்க்கில் இணையும் சேமிப்புப் பெட்டி, வேண்டுமா? கேள்வி கருவிகளைப் பற்றியது. ஆனால் இரவு வேலையைக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போனால், எழுந்து வரும்போது எல்லா பிரேமும் (அனிமேஷனின் ஒவ்வொரு தனிப் படமும்) சரியாக வந்திருக்க வேண்டும் என்பதுதான் உங்கள் தேவை என்று எடுத்துக்கொள்கிறேன். அதில் கேபிளுக்கும் சுவிட்சுக்கும் சின்னப் பங்குதான். ஒரு மதியப் பொழுதில் முடிந்துவிடும். நான்கு கணினிகளும் ஒரே கோப்பை, ஒரே பாதையில், ஒரே பதிப்பு மென்பொருளில் பார்க்கும்படி செய்வதுதான் பெரிய வேலை. சின்ன அனிமேஷன் குழுக்களுக்கு இப்படி அமைத்துக் கொடுப்பதைப் பன்னிரண்டு வருடமாகச் செய்துவருகிறேன். என்னிடம் வந்த சிக்கல்களில் பெரும்பாலானவை அங்கேதான் பிறந்தன. ஒன்றை முன்பே சொல்லிவிடுகிறேன்: நான் வேலை செய்தது விண்டோஸிலும் லினக்ஸிலும்தான். மேக் கணினி கலந்திருந்தால் கீழே உள்ளவற்றில் சில விவரங்கள் மாறும்.

வாங்குவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுவிடுங்கள். பத்து விநாடி, விநாடிக்கு 24 பிரேம் என்றால் மொத்தம் 240 பிரேம். புதிய கணினி ஒரு பிரேமுக்கு 10 நிமிடம் எடுத்தால் 40 மணி நேரம் ஆகும். பழைய கணினி ஒவ்வொன்றும் அதே பிரேமுக்கு 25 நிமிடம் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். புதியது மணிக்கு 6 பிரேம், பழையவை மூன்றும் சேர்ந்து மணிக்கு 7.2 பிரேம். ஆக மணிக்கு 13.2, மொத்த வேலை 18 மணி நேரத்துக்குச் சற்று மேலே முடிந்துவிடும். பழைய கணினி என்று ஒதுக்கிவிட முடியாது என்பது இதிலிருந்து தெரியும். ஆனால் அதே கணினி ஒரு பிரேமுக்கு இரண்டு மணி நேரம் எடுத்தால், அது தரும் உதவி சொற்பம், மின்சாரம்தான் போகும். அதனால் உங்கள் காட்சியின் கனமான பிரேம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதையே ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியாக ரெண்டர் செய்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ரேம் எவ்வளவு பிடிக்கிறது என்பதையும் பாருங்கள். காட்சிக்கு 14 கிகாபைட் வேண்டும், பழைய கணினியில் இருப்பதோ 8 கிகாபைட் என்றால், எந்த நெட்வொர்க்கும் அதைக் காப்பாற்றாது. மிகப் பழைய பிராசசராக இருந்தால் இன்னொன்றும் உண்டு: பிளெண்டர் 4.2 முதல் எஸ்எஸ்இ 4.2 என்ற கட்டளைத் தொகுப்பு பிராசசரில் இருந்தே ஆக வேண்டும். இல்லாத கணினியில் அது ஓடாது.

இந்தக் கணக்கு அனிமேஷனுக்கு மட்டும்தான். ஒவ்வொரு பிரேமும் தனி வேலை என்பதால் பிரித்துக் கொடுப்பது சுலபம். ஒரே ஒரு நிலைப்படத்தை நான்கு கணினிகள் சேர்ந்து சீக்கிரம் முடிக்க வேண்டும் என்றால் கதை வேறு. பிளெண்டரின் ரெண்டர் இயந்திரமான சைக்கிள்ஸில் ஒரே படத்தை ஒவ்வொரு கணினியிலும் வேறு வேறு சீட் எண்ணோடு (தற்செயல் புள்ளிகளை மாற்றும் எண்), குறைந்த சாம்பிளில் (ஒரு புள்ளிக்கான கணக்கீடுகளின் எண்ணிக்கை) ரெண்டர் செய்து, வந்த இஎக்ஸ்ஆர் என்ற உயர்தரப் படக் கோப்புகளைச் சராசரியாக்கிச் சேர்க்கலாம். வழி உண்டு, ஆனால் கை வேலை அதிகம்.

சரி, நெட்வொர்க்குக்கு வருவோம். கிகாபிட் என்றால் விநாடிக்கு 1000 மெகாபிட். எட்டால் வகுத்தால் 125 மெகாபைட். நடைமுறையில் 110 மெகாபைட் அளவுக்குக் கிடைக்கும். உங்கள் பிளெண்டர் கோப்பும் டெக்ஸ்சர்களும் (பொருள்களின் மேற்பரப்பில் ஒட்டும் படங்கள்) சேர்ந்து 2 கிகாபைட், கோப்புகள் இருப்பது புதிய கணினியில் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற மூன்றும் ஒரே நேரத்தில் அதைப் படித்தால் 6 கிகாபைட், ஏறக்குறைய 55 விநாடி. ஒவ்வொரு பிரேமுக்கும் கோப்பை மறுபடி மறுபடி திறந்தாலும்கூட, 25 நிமிட வேலையில் அது 4 சதவீதத்துக்கும் கீழே. பத்துப் பத்து பிரேமாகக் கொடுத்தால் பத்து பிரேமுக்கு ஒரு முறைதான் கோப்பு திறக்கும். அப்போது அந்த 55 விநாடி கண்ணுக்கே தெரியாது. திரும்பி வரும் படம் இன்னும் சின்னது. 1920-க்கு 1080 அளவில், 16 பிட் இஎக்ஸ்ஆர், சுருக்காமல் வைத்தாலே 17 மெகாபைட்டுக்குள்தான் இருக்கும். ஆகவே நீங்கள் சொன்ன வேலைக்குக் கிகாபிட் போதும், 10 கிகாபிட் தேவையில்லை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எப்போது போதாமல் போகும்? ஒரு பிரேம் சில விநாடிகளில் முடிந்து, அதே சமயம் ஒவ்வொரு பிரேமுக்கும் புதிதாக நிறையப் படிக்க வேண்டியிருந்தால். புகை, நெருப்பு, தண்ணீர் சிமுலேஷன்களின் கேஷ், அதாவது முன்பே கணக்கிட்டுச் சேமித்த தரவு, இப்படித்தான். பிரேமுக்கு 500 மெகாபைட் கேஷ், பிரேம் முடிய 8 விநாடி என்றால் மூன்று கணினிகளும் சேர்ந்து விநாடிக்கு ஏறக்குறைய 190 மெகாபைட் கேட்கும். கிகாபிட் கம்பி அங்கே திணறும். அந்த நிலையில் 2.5 கிகாபிட் சுவிட்சுக்கும் கார்டுகளுக்கும் அர்த்தம் உண்டு. ஆனால் அதற்கும் முன்னால், கோப்புகள் இருக்கும் கணினியில் சுழலும் ஹார்ட் டிஸ்க்கா எஸ்எஸ்டியா என்று பாருங்கள். மூன்று பேர் ஒரே நேரத்தில் வேறு வேறு இடத்தில் படிக்கும்போது ஹார்ட் டிஸ்க்கின் ஊசி அங்குமிங்கும் ஓடி, வேகம் சட்டென்று விழும். நிறைய வீடுகளில் நெட்வொர்க் மந்தம் என்று சொல்வது உண்மையில் டிஸ்க்கின் மந்தம். முதலில் ஒரு எஸ்எஸ்டி, பிறகு மற்றதெல்லாம்.

வைஃபை வேண்டாம். பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தை நம்பிப் பலரும் முயன்று பார்க்கிறார்கள். கம்பியில் ஒவ்வொரு கணினிக்கும் தனிப் பாதை உண்டு. காற்றில் எல்லாரும் ஒரே அலைவரிசையை மாறி மாறிப் பயன்படுத்துகிறார்கள், அதோடு சுவரும் தூரமும் வேறு. ஐந்து மணி நேரம் ஓடும் வேலையில் நடுவே இணைப்பு அறுந்தால் பிரேம் போய்விடலாம். உங்கள் ரவுட்டரில் நான்கு லேன் துளைகள் இருந்து, அவை கிகாபிட்டாகவும் இருந்தால் தனி சுவிட்சே வேண்டாம். சில மலிவு ரவுட்டர்களில் அந்தத் துளைகள் 100 மெகாபிட் மட்டுமே. அப்போது எட்டுத் துளை கொண்ட சாதாரண கிகாபிட் சுவிட்ச் ஒன்று வாங்கி, எல்லாவற்றையும் அதில் செருகி, அதிலிருந்து ஒரே ஒரு கேபிளை ரவுட்டருக்குக் கொடுங்கள். அமைப்பு மெனுக்கள் நிறைந்த சுவிட்ச் இங்கே தேவையில்லை. இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம்: உங்கள் இன்டர்நெட் இணைப்பின் வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கணினிகளுக்கிடையே போகும் கோப்பு வீட்டைவிட்டு வெளியே போவதில்லை.

கேபிளைப் பொறுத்தவரை கேட் 5ஈ போதும். புதிதாக வாங்கினால் கேட் 6 வாங்குங்கள். உள்ளே முழுச் செம்புதானா என்று மட்டும் பாருங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கம்பிகளும் விற்பனையில் இருக்கின்றன, அவை வேண்டாம். கிகாபிட் ஓட கேபிளுக்குள் இருக்கும் நான்கு ஜோடிக் கம்பிகளும் நலமாக இருக்க வேண்டும். ஒரு ஜோடி கெட்டால் பெரும்பாலும் இணைப்பு அறுவதில்லை, சத்தமில்லாமல் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். ஒரு முறை ஒரு கணினி மட்டும் எப்போதும் பின்தங்குவதைப் பார்த்து, அதன் பிராசசர், ரேம், டிரைவர் என்று இரண்டு நாள் தேடினேன். கடைசியில் நாற்காலிச் சக்கரம் ஏறி நசுங்கிய கேபிள்தான் காரணம் என்று தெரிந்தது. அன்றிலிருந்து கேபிள் போட்டதும் ஐபெர்ஃப்3 என்ற இலவசக் கருவியால் ஒவ்வொரு கணினிக்கும் இடையே அளந்துவிடுகிறேன். கிகாபிட்டில் 940 மெகாபிட் அளவுக்கு வந்தால் கம்பி நன்றாக இருக்கிறது. 95 என்று வந்தால் எங்கோ ஒரு ஜோடி போய்விட்டது என்று பொருள்.

நாஸ் பெட்டி இப்போதைக்கு வேண்டாம். புதிய கணினியில் இருக்கும் எஸ்எஸ்டியில் ஒரு ஃபோல்டரைப் பகிர்ந்தாலே போதும். சாதாரண விண்டோஸ் ஒரே நேரத்தில் 20 இணைப்புகள் வரை அனுமதிக்கும்; உங்களுக்குத் தேவை மூன்று. நாஸால் கிடைக்கும் நன்மை, நீங்கள் வேலை செய்யும் கணினியை அணைத்தாலும் மற்றவை தொடரும் என்பது. அந்தத் தேவை வரும்போது வாங்கலாம். நாஸில் இரண்டு டிஸ்க் போட்டு ஒன்றின் நகலாக இன்னொன்றை வைத்தாலும் அது பேக்கப் ஆகாது. தவறுதலாக அழித்த கோப்பு இரண்டிலும் சேர்ந்தே அழியும்.

இனி முக்கியமான பகுதி. பல வருடம் முன்பு, ஒரு குழுவுக்கு மூன்று கணினிகளை இணைத்துக் கொடுத்த முதல் இரவு, வேலையைத் தொடங்கிவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் பார்த்தால் மூன்றில் இரண்டு பங்கு பிரேம்களில் தரையும் சுவரும் பளீரென்ற இளஞ்சிவப்பு நிறம். பிளெண்டரில் டெக்ஸ்சர் கிடைக்காவிட்டால் அந்த நிறம்தான் வரும். மாடலை உருவாக்கியவர் மரத் தரைப் படத்தைத் தன் டெஸ்க்டாப்பிலிருந்து இழுத்துப் போட்டிருந்தார். அவருடைய கணினியில் அது இருந்தது, மற்ற இரண்டிலும் இல்லை. ரெண்டர் நிற்கவுமில்லை, பிழை என்று கத்தவுமில்லை. இரவு முழுவதும் தப்பாகவே உழைத்தது. அதனால் ஒரு திட்டத்துக்கு ஒரே ஃபோல்டர், பிளெண்டர் கோப்பு, டெக்ஸ்சர், கேஷ், வெளிவரும் படம் எல்லாம் அதற்குள்ளேயே என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கோப்பு மெனுவில் வெளித் தரவு என்ற இடத்துக்குப் போய் எல்லாப் பாதைகளையும் சார்புப் பாதையாக, அதாவது பிளெண்டர் கோப்பு இருக்கும் இடத்திலிருந்து தொடங்கும் பாதையாக, மாற்றுங்கள். விண்டோஸில் வேறு டிரைவில் இருக்கும் கோப்புக்குச் சார்புப் பாதை அமையாது என்பதால், எல்லாம் ஒரே டிரைவில் இருப்பது கட்டாயம். திட்டம் சின்னதாக இருந்தால் டெக்ஸ்சர்களைக் கோப்புக்குள்ளேயே பொதிந்துவிடலாம் (Pack), அதுவும் நல்ல வழி.

பகிர்ந்த ஃபோல்டரை எல்லாக் கணினிகளிலும் ஒரே டிரைவ் எழுத்தில் இணையுங்கள். கோப்பு இருக்கும் கணினியிலும் அதே எழுத்தில் இணையுங்கள். பாதை நான்கிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். இந்த டிரைவ் எழுத்து உள்நுழைந்த பயனருக்கு மட்டுமே சொந்தம். அதே கணினியில் நிர்வாகி உரிமையோடு திறந்த நிரலுக்கும், பின்னணியில் சர்வீஸாக ஓடும் நிரலுக்கும் சாதாரணமாக அது தெரியாது. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் டிரைவ் தெரிகிறது, ரெண்டர் நிரல் மட்டும் கோப்பு இல்லை என்கிறது என்றால் முதலில் இதைப் பாருங்கள். ரெண்டர் நிரலைச் சாதாரணப் பயனராகவே ஓடவிடுங்கள்.

பிளெண்டரின் பதிப்பு நான்கிலும் ஒன்றாக இருக்க வேண்டும். 4.2 ஒன்றில், 4.1 இன்னொன்றில் என்பதெல்லாம் சரிவராது. நான் நிறுவும் கோப்பைப் பயன்படுத்துவதில்லை. ஜிப்பாக வரும் பிளெண்டரை ஒரு முறை விரித்து, தேவையான ஆட்-ஆன்களோடு அந்த ஃபோல்டரை அப்படியே ஒவ்வொரு கணினிக்கும் நகலெடுத்துவிடுகிறேன். துணி, முடி, துகள் போன்ற சிமுலேஷன் இருந்தால் வேலையைப் பிரிக்கும் முன் அதை முழுதும் கணக்கிட்டு டிஸ்க்கில் சேமித்தே (Bake) ஆக வேண்டும். சிமுலேஷன் முந்தைய பிரேமை நம்பி அடுத்ததைக் கணக்கிடுவது. 120-ஆம் பிரேமிலிருந்து நேராகத் தொடங்கும் கணினிக்கு முந்தைய 119 தெரியாது. விளைவாக ஒரு பிரேமில் துணி ஒரு மாதிரியும் அடுத்ததில் வேறு மாதிரியும் விழுந்திருக்கும்.

இங்கே உறுதியாகச் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது. உங்கள் நான்கு கணினிகளில் என்ன கிராஃபிக்ஸ் கார்டுகள் என்று நீங்கள் எழுதவில்லை. சில கணினிகள் கார்டிலும் சில பிராசசரிலும் ரெண்டர் செய்தால் படங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும், ஆனால் புள்ளிக்குப் புள்ளி ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. நிலைப்படமாகப் பார்த்தால் தெரியாத வித்தியாசம், ஓடவிட்டால் மினுமினுப்பாகத் தெரியலாம். உங்கள் காட்சியில் தெரியுமா என்பதை 20 பிரேமைக் கலந்து ரெண்டர் செய்து ஓட்டிப் பார்த்தால்தான் சொல்ல முடியும். படத்தின் புள்ளி இரைச்சலை நீக்கும் டீநாய்சர் விஷயத்தில் மட்டும் தயங்க வேண்டாம்: ஒரு கணினியில் ஆப்டிக்ஸ், இன்னொன்றில் ஓப்பன் இமேஜ் டீநாய்ஸ் என்று கலக்காதீர்கள். எல்லாக் கணினியிலும் ஓடக்கூடிய ஒன்றையே எல்லாவற்றிலும் வையுங்கள்.

வேலையைப் பிரித்துக் கொடுக்க இரண்டு வழி சொல்கிறேன். முதல் வழிக்கு எதுவும் நிறுவ வேண்டாம். பிளெண்டரின் வெளியீட்டுப் பகுதியில் ஓவர்ரைட் என்பதை அணைத்து, பிளேஸ்ஹோல்டர்ஸ் என்பதை இயக்கி, கோப்பைச் சேமியுங்கள். அதே கோப்பை நான்கு கணினிகளிலும் திறந்து அனிமேஷன் ரெண்டர் கொடுங்கள். ஒவ்வொரு கணினியும் தான் எடுத்த பிரேமுக்கு ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்கி இடம் பிடிக்கும். மற்றவை அதைத் தாண்டி அடுத்ததற்குப் போகும். வேகமான கணினி தானாகவே அதிக பிரேம் எடுத்துக்கொள்ளும். குறை என்னவென்றால், நடுவில் ஒரு கணினி நின்றுபோனால் அது பிடித்த இடம் வெற்றுக் கோப்பாகவே கிடக்கும். காலையில் அளவு பூஜ்யமாக உள்ள கோப்புகளைத் தேடி அழித்துவிட்டு மறுபடி ஓட்ட வேண்டும். இரண்டாவது வழி ஃபிளமெங்கோ. பிளெண்டர் குழுவினரே உருவாக்கிய இலவச மென்பொருள். ஒரு கணினியில் வேலையைப் பங்கிடும் மேனேஜர், எல்லாவற்றிலும் ரெண்டர் செய்யும் வொர்க்கர். எந்த பிரேம் எங்கே ஓடுகிறது, எது தோற்றது என்பதை பிரவுசரிலேயே பார்க்கலாம், தோற்றதைத் தானே மறுபடி முயலும். பெரிய ஸ்டூடியோக்களுக்கான மேலாண்மை மென்பொருள்களைவிட நான்கு கணினிக்கு இது பொருத்தமானது. இரண்டு வழியிலும் வெளியீடு படவரிசையாகவே இருக்கட்டும், நேராக வீடியோவாக வேண்டாம். படவரிசையில் ஒரு பிரேம் கெட்டால் ஒரு பிரேம்தான் கெடும்.

அப்புறம் சில சின்ன அமைப்புகள். ரவுட்டரில் ஒவ்வொரு கணினிக்கும் ஒரு ஐபி முகவரியை ஒதுக்கி வையுங்கள். இல்லையென்றால் மின்சாரம் போய் வந்த பிறகு முகவரி மாறி, நேற்று வரை இருந்த டிரைவ் இன்று காணாமல் போகலாம். விண்டோஸில் நெட்வொர்க் வகையைத் தனியார் என்று மாற்றுங்கள், பொது என்று இருந்தால் பகிர்வை ஃபயர்வால் தடுக்கும். பகிர்வுக்கென்று கடவுச்சொல்லோடு ஒரு பயனர் கணக்கு உருவாக்குங்கள். பழைய குறிப்புகளில் கடவுச்சொல் இல்லாத கெஸ்ட் பகிர்வைப் பரிந்துரைத்திருப்பார்கள். விண்டோஸ் 11 ப்ரோவில் 24எச்2 முதல் அது இயல்பாகவே தடுக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தடையை நீக்கும் வழி தேடாமல் கணக்கு உருவாக்குவதே நல்லது. வெளியிலிருந்து பார்க்க வசதியாக இருக்கும் என்று ரவுட்டரில் போர்ட் எதையும் திறந்துவைக்காதீர்கள். நான்கிலும் உறக்க நிலையை அணையுங்கள், விண்டோஸ் அப்டேட்டை ஒரு வாரம் தள்ளிவையுங்கள். இரவு மூன்று மணிக்குத் தானாக ரீஸ்டார்ட் ஆகிவிட்ட கணினியைக் காலையில் பார்ப்பது பெரிய வேதனை.

கடைசியாக மின்சாரம், இதை யாரும் கேட்பதில்லை. முழு உழைப்பில் ஒரு கணினி 500 வாட் எடுத்தால் நான்கும் சேர்ந்து 2000 வாட். 230 வோல்ட்டில் இது 9 ஆம்பியருக்குச் சற்றுக் கீழே. 120 வோல்ட் உள்ள நாடுகளில் கிட்டத்தட்ட 17 ஆம்பியர், ஒரு சாதாரண 15 ஆம்பியர் சர்க்யூட் தாங்காது. எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையில் செருகாதீர்கள். முடிந்தால் இரண்டு வேறு சர்க்யூட்டுகளில் பிரியுங்கள். உங்கள் வீட்டு வயரிங் எவ்வளவு தாங்கும் என்பதை ஒரு எலக்ட்ரீஷியன்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். அது என் துறை இல்லை. அந்த 2000 வாட்டும் கடைசியில் வெப்பமாகத்தான் அறைக்குள் வந்து சேரும், மூடிய அறையில் ஹீட்டர் ஒன்றை இரவு முழுக்க ஓடவிடுவதற்குச் சமம். சூடு ஏறினால் கணினிகள் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கதவைத் திறந்து வையுங்கள், இல்லையென்றால் கணினிகளை இரண்டு அறைகளில் பிரியுங்கள். கேபிள் நீளமானால் வேகம் குறையுமோ என்ற பயம் வேண்டாம். 100 மீட்டர் வரை கிகாபிட் நன்றாக ஓடும்.

முதலில் இரண்டு கணினிகளை மட்டும் இணைத்து, படத்தின் தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று இடங்களிலிருந்து சில பிரேம்களை ரெண்டர் செய்து, ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள். சரியாக வந்தால் மூன்றாவது, பிறகு நான்காவது. ஒவ்வொரு கணினியின் கிராஃபிக்ஸ் கார்டு, ரேம், அந்தக் கனமான பிரேமுக்கு அது எடுத்த நேரம் ஆகியவற்றை எழுதினால், எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதையும் ஃபிளமெங்கோவில் எத்தனை பிரேமாகப் பிரித்துக் கொடுப்பது என்பதையும் கணக்கிட்டுச் சொல்கிறேன்.